துரைக்கு மூச்சு முட்டும் இடம்

பிப்ரவரி 10

காலையில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டியின் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ரெக்கவரி லாரி வந்து நின்றது. மேலே, நாலு பக்கமும் கயிறு போட்டு, சந்தைக்குக் கொண்டுபோகிற கன்று மாதிரி — துரை.

இன்றைக்கு எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

துரை எங்கள் அப்பா செய்த கார். சார்ஜாவில் மெக்கானிக்காக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரரின் ஸ்போர்ட்ஸ் காரை அப்பாதான் பார்த்துக்கொண்டார். ரெண்டே சீட், கூரை கிடையாது, நீள மூக்கு, தரையோடு தரையாக ஓடும். ஊருக்குத் திரும்பியதும் ஒரு எஸ்டேட்டில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஹெரால்ட் காரின் சேசிஸை வாங்கி, ஆம்னி வேன் இன்ஜினை வைத்து, அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்து அதே மாதிரி ஒன்று செய்தார். பச்சை பெயின்ட். நாலு ஆள் சேர்ந்தால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. வெள்ளைக்காரன் ஜாடை இருந்ததால் துரை என்று பெயர்.

பிரின்ஸி அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை ஸ்டெனி சொன்னான்: "புதுக் காரெல்லாம் வேண்டாம் மாமா. அந்தப் பச்ச வண்டி போதும்." எவ்வளவு நல்ல பையன் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல பையன்! கோட்டாற்றில் கல்யாண போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். முட்டம் கடற்கரைப் பாறையில் பொண்ணையும் மாப்பிள்ளையையும் துரையில் உட்காரவைத்துப் படம் எடுத்தே பேர் வாங்கிவிட்டான். போன ஆகஸ்டில் அக்கா ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தாள். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. அவளுடைய நர்சிங் சர்டிபிகேட் அத்தனையும் அவன் பீரோவில்.

லாரியிலிருந்து இறங்கியது ஜெனோ. ஸ்டெனியின் ஸ்டூடியோவில் டிரோன் பறக்கவிடுகிறவன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"என்னடே இது?"

"வண்டி சூடானா நிக்கி. ஆறினா ஓடுது. கோட்டாறு, தக்கலை எல்லா மெக்கானிக்கும் பாத்தாச்சு. காயில் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு, கண்டென்சர் மாத்தியாச்சு. ஸ்டெனி அண்ணன் இங்க எறக்கச் சொன்னாரு."

"எங்க வீட்டுக்கா? என்னத்துக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "குடுத்த வீட்டுக்காரங்கதான ரிப்பேரும் பாக்கணும்னு சொல்லச் சொன்னாரு."

இந்த ஊர் வழக்கம். கட்டில் கால் ஒடிந்தாலும், பிரிட்ஜில் கேஸ் போனாலும், கொடுத்த பொண்ணு வீட்டுக்கு ஆள் வரும். பொண்ணையே அடித்துத் துரத்தியிருக்கிறான், வழக்கத்தை மட்டும் விடவில்லை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அனுப்புகான் சவத்துக்குப் பெறந்த பய!

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "ஏட்டி, ஒண்ணும் பேசாத. அவன்கிட்ட சர்டிபிகேட் கெடக்கு."

அப்பா ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்தார். "பொறத்தால என்னத்தயோ பளபளன்னு வச்சிருக்கான்" என்றார், வண்டியின் பின்பக்கத்தைக் காட்டி. அப்புறம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். துரை போன நாளிலிருந்து அவர் தன் ரிப்பேர் ஷெட்டுக்குள் காலே வைத்ததில்லை. முதுகு வலி என்கிறார். எல்லாவற்றுக்கும் முதுகு வலி.

பிப்ரவரி 11

தொடவில்லை. கிடக்கட்டும்.

பிப்ரவரி 12

தொட்டேன். முடியவில்லை, கை சும்மா இருக்காது. இன்ஜினியரிங் காலேஜில் ரெண்டாம் வருஷமே வெளியே வந்ததும் இந்தக் கைதான் காரணம். லேபில் பையன்கள் கழற்றுவார்கள், நான் ரெக்கார்டு நோட்டில் படம் வரைய வேண்டுமாம். போடா என்று வந்துவிட்டேன்.

மூக்கைத் தூக்கினேன். துரைக்குப் பானெட் முழுசும் முன்பக்கமாகச் சாயும், முதலை வாய் திறக்கிற மாதிரி. உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்சக்கர மூட்டுகளில் ஆயில் காய்ந்து மண். ரேடியேட்டரில் தண்ணீர் பாதிக்கு மேல் இல்லை. பிரேக் ஆயில் டீ டிகாஷன் நிறம். உப்புக்காத்தில் நிறுத்தி வைத்து ஒரு தடவைகூட அடியில் தண்ணீர் அடிக்கவில்லை. மேலே மட்டும் பாலிஷ். படத்தில் மேல்தானே தெரியும்!

ஸ்டார்ட் செய்தேன். முதல் அடியிலேயே பிடித்தது. திங்கள்நகர் வரை ராஜா மாதிரி போனது. திரும்பும்போது இருமியது, குலுங்கியது, செத்தது.

பிளக்கில் தீப்பொறி நன்றாக வருகிறது. அப்படியென்றால் காயில் இல்லை, கண்டென்சர் இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தேன் — காலி. பெட்ரோல் வரவில்லை. பம்ப் புதுசு. குழாயில் அடைப்பு இல்லை. பின்னே?

டேங்கில் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தேன்.

உஸ்ஸ்.

ஒரு பெருமூச்சு. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது.

ரோட்டோரமாக உட்கார்ந்து சிரித்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "மக்ளே, ஒனக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்பா செய்த மூடி பித்தளை. நடுவில் ஊசித்துளையைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு ஓட்டை. பெட்ரோல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். ஸ்டெனி அதைத் தூரப் போட்டுவிட்டு, குரோமியம் பூசிய, பூட்டுப் போட்ட, மேலே இங்கிலீஷ் கொடி ஒட்டிய மூடி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறான். படத்தில் நன்றாக விழும். ஆனால் அதில் ஓட்டை இல்லை. காற்று போக வழியில்லை. கொஞ்ச தூரம் போனதும் டேங்கே பெட்ரோலை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. துரைக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான்.

பார்த்த ஒவ்வொரு மெக்கானிக்கும் பெட்ரோல் இருக்கா என்று மூடியைத் திறந்திருப்பான். அந்த நிமிஷமே வண்டி சரியாகியிருக்கும். தான் மாற்றிய பார்ட்டால்தான் சரியாச்சு என்று நினைத்திருப்பான்.

யாரிடமும் சொல்லவில்லை. வண்டிச் சாவிக் கொத்திலிருந்து மூடிப் பூட்டின் தாக்கோலை மட்டும் கழற்றி என் செயினில் கோத்துப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 14

ஸ்டெனி போன் செய்தான். நானும் மரியாதையாக 'அத்தான்' என்றே பேசினேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கில் பேட்டரி ஆசிட் பட்ட மாதிரி.

"ஏட்டி, மாமா பாத்தாரா?"

"அப்பாவுக்கு முதுகு வலி. நாந்தான் பாக்கேன்."

"நீயா? வெளங்கும். மார்ச் ஒம்பதாம் தேதி முட்டத்துல பெரிய ஷூட். திருவனந்தபுரம் பார்ட்டி. அந்தப் பிள்ளைக்கு இந்த வண்டியில படம் எடுத்தே தீரணுமாம். அதுக்குள்ள ஆகணும், கேட்டியா?"

"ஆக்கலாம். அக்காவுக்கு மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை சரியாகி நிக்கி. மார்ச் பன்னெண்டாம் தேதி கொச்சியில அசல் சர்டிபிகேட் காட்டணும். அத ஜெனோகிட்ட குடுத்து விடுங்க."

சிரித்தான். "எங்கிட்ட ஏது சர்டிபிகேட்? நீங்க கம்ப்ளெயின்ட் குடுத்தப்ப போலீஸ்லயும் அதத்தான சொன்னேன். அவளுக்கு வேணும்னா வந்து, எங்கூட இருந்து, தேடி எடுத்துக்கிடட்டு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவன் விடவில்லை.

"ஒங்கப்பன் செஞ்ச வண்டியும் அப்பிடி, பெத்ததும் அப்பிடி. பாதி வழியில நிக்கும்."

வைத்துவிட்டான்.

யூனிவர்சிட்டியில் டூப்ளிகேட் கேட்டு நடந்தால் மாதக்கணக்காகும், அதற்குள் வேலை போய்விடும். அவனுக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் சிரிக்கான்.

பிப்ரவரி 16

ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. துரைக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசித்தேன். பிரேக் பைப் முகத்துக்கு நேரே, என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. ஒரு நட்டை முக்கால் சுற்றுத் தளர்த்தினால் போதும். முட்டம் இறக்கத்தில் அவன் முகம் எப்படி இருக்கும்? ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஆனால் பக்கத்து சீட்டில் ஒரு கல்யாணப்பொண்ணு உட்காருவாள். அவள் எனக்கு என்ன செய்தாள்?

பழைய பிரேக் ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினேன். நாலு சக்கரத்து பிரேக் குழாயிலும் புகுந்த காற்றை வெளியேற்றி, பெடல் கல் மாதிரி ஆகும்வரை மிதித்தேன். பிரேக் இப்போது புதுவண்டி மாதிரி. அவனுக்காக இல்லை. அவன் என் கையால் சாகவேண்டாம். நின்னு, வேர்த்து, நாலுபேர் பார்த்துச் சிரிக்கணும். அதுதான் வேணும் எனக்கு.

பிப்ரவரி 19

சோதனை. விடிந்ததும், ரோட்டில் ஆள் சேர்வதற்கு முன்னால்.

பாதி டேங்க் — முட்டம் போய்த் திரும்பியும் நிற்கவில்லை. டேங்குக்குள் காற்றுக்கு நிறைய இடம் இருக்கிறது, மூச்சு முட்ட நேரமாகும்.

கழுத்துவரை ஊற்றினால் — முட்டம் போகிற வழியில் மண்டைக்காடு ஜங்ஷனைத் தாண்டவில்லை. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். ரெண்டு தடவையும் அங்கேதான்.

ஆக, நிறைய ஊற்றினால் சீக்கிரம் நிற்கும். பெட்ரோல் நிரம்பி இருக்கிற வண்டியை எவன் பெட்ரோல் இல்லை என்று சந்தேகப்படுவான்? மூடியைத் திறந்தால்தானே தெரியும்? தாக்கோல் என் கழுத்தில்.

மார்ச் ஒன்பது, அம்மன் கோயில் மாசிக்கொடைத் திருவிழா நடக்கிற சமயம். மண்டைக்காட்டில் ஊர் உலகமே நிற்கும்.

பிப்ரவரி 20

அக்கா ஷெட்டுக்கு வந்தாள். துரையைத் தொடவில்லை, தள்ளியே நின்றாள்.

"கண்டுபிடிச்சியா?"

"இல்ல."

"ஏட்டி, ஒன் மூஞ்சப் பாத்தா எனக்குத் தெரியாதாக்கும்?"

சொல்லிவிட்டேன். மூடி, டேங்க், மண்டைக்காடு, எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு என் பேப்பர் கெடைக்கணும். ஒனக்கு அவன அழவைக்கணும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்காத."

"ரெண்டையும் சேத்தே செய்யுகேன்."

"அவன் கோவத்துல பேப்பரத் தீவச்சான்னா?"

சக்கர நட்டுகளைத் திரும்பவும் முறுக்கினேன், ஏற்கெனவே முறுக்கியவற்றை.

போகும்போது சொன்னாள்: "குடுத்தான்னா, வண்டியச் சரியாக்கிக் குடுத்திரணும். கள்ளம் கூடாது. எனக்கு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எரிச்சலோடு.

பிப்ரவரி 27

இன்ஜினில் டேப்பெட் தட்டுகிற சத்தம் சரியாச்சு. பேன் பெல்ட் மாற்றினேன். முன்சக்கர மூட்டுகளுக்கு ஆயில் ஏற்றினேன். இவ்வளவு நன்றாக அவன் கையில் இந்த வண்டி ஓடியதே இல்லை. ஒரு மூடியைத் தவிர.

மார்ச் 4

அப்பா தினமும் சாப்பிடும்போது கேட்கிறார்: "கண்டுபிடிச்சியா மக்ளே?" நான் "இல்லப்பா" என்கிறேன். அவர் "ம்" என்கிறார். வேறொன்றும் கேட்பதில்லை. செய்த மனுஷன், ஒருதரம் எட்டிப் பார்த்தால் என்ன? மருமகன் என்றால் அவ்வளவு பயம்!

கத்திவிட்டேன். "ஒங்க பிள்ளைய அடிச்சவனுக்கு ஓசியில ரிப்பேர். வெக்கமா இல்லியா?"

அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "சோறு ஆறுது, தின்னு" என்றார்.

மார்ச் 8

சாயங்காலம் ஷெட்டைத் திறந்தபோது சால்டரிங் அயர்ன் ஜன்னல்படியில் கிடந்தது. தொட்டால் இளஞ்சூடு. நான் எடுக்கவில்லையே? அம்மா எதையாவது ஒட்டவைத்திருப்பாள், அண்டா கைப்பிடியோ என்னவோ.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஒரு காகிதப் பொட்டலத்தைத் தந்தார். பிரித்தேன். பித்தளை மூடி.

விரலால் மேலே தடவினேன். நடுவில் அதே ஓட்டை.

"செய்யும்போதே ரெண்டாக் கடஞ்சு வச்சேன். ஒண்ணத்தான் அவன் களஞ்சான்."

"அப்போ ஒங்களுக்குத் தெரியுமா?"

"லாரியில நிக்கும்போதே அந்தப் பளபள மூடியப் பாத்தேன். ஓட்டையில்லாத மூடிய வச்சா வண்டி நிக்காம என்ன செய்யும்?"

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

மூடியைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினேன்.

"அவன் பேப்பரக் குடுத்தான்னா இதப் போடு. குடுக்கலன்னா போடாத" என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 9

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதவேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

மத்தியானத்துக்கு மேல் ஸ்டெனி வந்தான். கூலிங் கிளாஸ், வெள்ளைச் சட்டை. வீட்டுக்குள் வரவில்லை. துரையைச் சுற்றி வந்து, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றான். ஸ்டார்ட் செய்தான். கும்மென்று பிடித்தது.

"டேங்க் புல்லா இருக்கு அத்தான். எங்க வீட்டுலயிருந்து போறது, வெறும் வயித்தோட விடக்கூடாதுல்லா?"

பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இப்பத்தான் ஒனக்கு முறை தெரியுது."

மூடியின் தாக்கோலை அவன் கேட்கவே இல்லை. பெட்ரோல் முள் உச்சியில் நிற்கிறதே.

போனான். நானும் அக்காவும் வாசல்படியில் உட்கார்ந்தோம். அக்கா நகத்தைக் கடித்தாள். போன் அடித்தது.

"ஏட்டி, சவம் நின்னுபோச்சு."

"எங்க அத்தான்?"

"மண்டைக்காடு ஜங்ஷன்! நடுரோட்டுல! பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சுக் கொல்லுகான். சீக்கிரம் வா!"

பின்னணியில் நாதஸ்வரம், ஐஸ்காரன் மணி, யாரோ ஒரு பையன்: "அண்ணே, தள்ளட்டா? ஒரு செல்பி எடுத்துட்டுத் தள்ளுகோம்." அப்புறம் ஒரு பெண்குரல்: "கூரை எங்க மக்ளே? காத்துல பறந்துட்டா?" சிரிப்பு. ஒரு கூட்டமே சிரிக்கிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தேன் மாதிரி இருந்தது.

"வருகேன். அக்காவோட சர்டிபிகேட் வீடு வந்து சேரட்டு. வந்த ஒடனே கெளம்புகேன்."

"என்ன சர்டிபிகேட்? எங்கிட்ட—"

"அப்போ கோட்டாறு மெக்கானிக்க வரச் சொல்லுங்க. அவரு இன்னொரு காயில் மாத்துவாரு."

கெட்ட வார்த்தை. நிறைய. நான் போனை அக்காவின் காதில் வைக்கவில்லை. அவள் ஏற்கெனவே கேட்டதுதான் எல்லாம்.

"சூரியன் எறங்கிரும் அத்தான். அந்தத் திருவனந்தபுரம் பிள்ளை பாறையில நிக்கும்லா?"

கட் செய்தான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தீவைத்துவிட்டால்? நான் சேர்த்துச் செய்வேன் என்று நினைத்த ரெண்டு காரியமும் ஒன்றாகப் போய்விட்டால்? அக்கா திரும்பவும் நகத்தைக் கடித்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்ப அடித்தது. அவன் குரல் இறங்கியிருந்தது. "ஜெனோ ஸ்டூடியோவுலதான் நிக்கான். அம்மைகிட்ட பீரோவத் தெறந்து குடுக்கச் சொல்லியிருக்கேன். நீ கெளம்பு."

"வரட்டு. வந்தப்புறம்."

ஜெனோ பைக்கில் பறந்து வந்தான். நீலப் பை. அக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். மார்க் லிஸ்ட், டிகிரி, நர்சிங் கவுன்சில் பதிவு, எக்ஸ்பீரியன்ஸ். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் இருக்கு. போ. சத்தியம் ஞாபகம் இருக்குல்லா?"

இருந்தது. இருந்து தொலைத்தது.

ஸ்கூட்டியில் போனேன். வளையல் கடைகளுக்கு நடுவே துரை நின்றது. சுற்றிப் பொங்கல் பானையும் குழந்தையுமாகக் கூட்டம். ஸ்டெனியின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பானெட்டைத் திறந்துவைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான், கோழி மண்ணைக் கிளறுகிற மாதிரி.

நான் பானெட் பக்கமே போகவில்லை. பின்னால் போனேன். செயினைக் கழற்றி, தாக்கோலைப் போட்டு, திறந்தேன். உஸ்ஸ். பக்கத்தில் நின்ற வளையல்காரி ஒரு அடி தள்ளி நின்றாள். "எம்மோ, பாம்பா?"

பித்தளை மூடியைப் போட்டுத் திருகினேன். கிளிக். "ஸ்டார்ட் அடிங்க அத்தான்."

அடித்தான். பிடித்தது. கூட்டம் கை தட்டியது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மாற்றிய பழைய சாமானத்தை வண்டிக்காரன் கையில் கொடுக்கவேண்டும், ஏமாற்றவில்லை என்று காட்ட. குரோமியம் மூடியைப் பேப்பரில் சுற்றி, ரெண்டு கையாலும் நீட்டினேன்.

"பழைய சாமானம். இதுதான் கேடு. ஓட்டையில்லாத மூடி."

அவன் மூடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் கையில் தொங்கிய தாக்கோலைப் பார்த்தான். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கள்நகர்லயிருந்து திரும்பும்போதே."

கை ஓங்கினான். அப்படியே மேலே நின்றது. சுற்றிலும் கொடைக்கு வந்த பெண்கள், இடுப்பில் பானை, கையில் கரண்டி. வளையல்காரி சாதாரணமாகச் சொன்னாள்: "கைய எறக்கிட்டுப் போ தம்பி. நேரமாச்சுல்லா ஒனக்கு."

இறக்கினான். போனான்.

வரும்வழியில் டீக்கடையில் நிறுத்தி ரெண்டு பழம்பொரி தின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போதவில்லை. ஏன் போதவில்லை? துரை அவனோடு போகிறதைப் பின்னாலிருந்து பார்த்தேனே, அதனாலா? நான்தானே ஓடவைத்தேன்.

மார்ச் 12

அக்கா கொச்சி போய்விட்டு வந்தாள். சரியாகிவிட்டது. அம்மா அழுதாள். அப்பா "ம்" என்றார்.

மார்ச் 21

ஜெனோ போனில் ஷூட் படம் காட்டினான். அந்தத் திருவனந்தபுரம் பெண் அழகாகத்தான் இருக்கிறாள். பின்னால் கலங்கரை விளக்கம். துரை மின்னுகிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2

ஷெட் ஜன்னல்படியில் ஒரு சின்ன டிரில் பிட் கிடக்கிறது. எண்ணெய் தடவி, துணியில் சுற்றி. நான் வைக்கவில்லை. எடுத்துப் பெட்டியில் போடப் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற அப்பா, "அது அங்கயே கெடக்கட்டு" என்றார்.

கிடக்கிறது.

ஏப்ரல் 25

அக்காவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம். உள்ளே போனவள் திரும்பி ஓடிவந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையில் நீலப் பை.

மே 6

மத்தியானம். லாரி சத்தம்.

அதே லாரி. அதே கயிறு. துரை. ஜெனோ இறங்கி என்னிடம் வராமல் நேராக அப்பாவிடம் போய்ப் போனை நீட்டினான். ஸ்பீக்கரில் ஸ்டெனி.

"மாமா, திருவனந்தபுரத்துல ஒரு கல்யாணத்துக்கு ஓட்டிட்டுப் போனேன். நெய்யாற்றின்கரை தாண்டினதும் நின்னுபோச்சு. மாப்பிள்ளை வேற கார்ல போயிட்டான். என் மானமே போச்சு. குடுத்த வீட்டுக்காரங்க நீங்க, ரெண்டு நாள்ல பாத்துத் தாங்க."

அப்பா பெல்ட்டை முதுகில் இறுக்கிக்கொண்டு எழுந்தார். கேட்டை ரெண்டு பக்கமும் முழுசாகத் திறந்தார். "எறக்குடே" என்றார் ஜெனோவிடம். துரை இறங்கும்வரை போனில் ஒன்றும் பேசவில்லை. இறங்கிய பிறகுதான் பேசினார்.

"குடுத்தவங்கதான் பாக்கணும்னு சொன்னது நீதானே ஸ்டெனி? பாத்துக்கிடுகோம். இனி இங்கயே நிக்கட்டு."

"என்ன மாமா சொல்லுதீங்க? அது எனக்குத் தந்த வண்டியாக்கும்!"

"பிள்ளைக்குத் தந்த வண்டி. பிள்ள வந்தாச்சு. பொறத்தால வண்டியும் வந்தாச்சு. ஆர்.சி. புக்கு இன்னும் எம்பேருலதான் கெடக்கு. போலீசுக்குப் போணும்னா போ, நானும் வருகேன்."

போனை ஜெனோவிடம் கொடுத்தார். உள்ளேயிருந்து இன்னும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஜெனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு லாரியில் ஏறினான்.

நான் துரையின் பின்னால் போனேன். பித்தளை மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேலே ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. உள்பக்கம் ஈயம் வைத்து அடைத்திருக்கிறது, சுத்தமாக, நடுவில் ஒரு மயிர் நுழைகிற அளவுக்கு மட்டும் வழி விட்டு. முட்டம் போகலாம். திங்கள்நகர் போகலாம். திருவனந்தபுரம்வரை ஒரே ஓட்டமாக ஓட்டினால் மூச்சு முட்டும். மண்டைக்காட்டுக் கூட்டத்தில் நான் திருப்பிப் பார்க்காமலே மாட்டினேன்.

அந்த இளஞ்சூடான சால்டரிங் அயர்ன். நான் அம்மா என்று நினைத்தேன்.

நிமிர்ந்தேன். அப்பா ஷெட் வாசலில் நின்றார். கொஞ்சம் தயங்கி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். ஜன்னல்படிக்குப் போய், துணியைப் பிரித்து, டிரில் பிட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். மூடி ஓட்டைக்குச் சரியான அளவு.

"வண்டிய நெழல்ல விட்டுட்டு வா மக்ளே" என்றார். "வெயிலு பட்டா பச்ச வெளுக்கும்."